பிளாட்டினம், பல்லேடியம் பிரிண்டில் காகிதக் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பிளாட்டினம், பல்லேடியம் பிரிண்ட் என்பது இந்த உலோகங்களின் உப்பைக் காகிதத்தில் பூசி, நெகட்டிவ் வழியே ஒளி காட்டிப் புகைப்படம் அச்சிடும் முறை. இதில் படத்தைத் தாங்க ஜெலட்டின் அடுக்கு கிடையாது. உலோகத் துகள் நேரே காகித நாரில் உட்காருகிறது. ஆலையில் கலந்த சுண்ணாம்பு, நீர் உறிஞ்சலைக் கட்டுப்படுத்த ஏற்றிய சைசிங், நாரின் வலு ஆகிய மூன்றும் பூச்சு விழுந்த நொடியிலிருந்தே வேலை காட்டத் தொடங்கும். மூன்றில் எது படுத்துகிறது என்று தெரியாமல் ரசாயனத்தை மாற்றிக்கொண்டே போனால் பல்லேடியம் தீர்வதுதான் மிச்சம்.

இங்கே சொல்வதெல்லாம் வழக்கமான டெவலப்-அவுட் முறைக்கு, அதாவது படம் டெவலப்பரில் போட்ட பிறகே முழுதாக வெளிவரும் முறைக்கு: ஃபெரிக் ஆக்சலேட், 20% பொட்டாசியம் குளோரோபிளாட்டினைட், 15% சோடியம் குளோரோபல்லேடைட், பொட்டாசியம் ஆக்சலேட் டெவலப்பர். 8×10 அங்குலப் படத்துக்குத் தூரிகையால் பூசினால் மொத்தம் சுமார் 2 மி.லி. கலவை போதும், பாதி ஃபெரிக் ஆக்சலேட், பாதி உலோகக் கரைசல். கண்ணாடிக் கம்பியால் இழுத்தால் இன்னும் குறையும். ஆக்சலேட்டுகள் விஷம், பிளாட்டினம் உப்புகள் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. கையுறையைக் கழற்ற வேண்டாம்.

முதலில் ஒரு பட்டை

சந்தேகக் காகிதத்தில் ஒரு பட்டை, ஏற்கனவே ஒழுங்காக வேலை செய்த காகிதத்தில் இன்னொரு பட்டை வெட்டுங்கள். இரண்டிலும் ஒரே கலவையைப் பூசுங்கள். ஓரத்தில் பூச்சே படாத ஒரு விரல் அகலம் இருக்கட்டும். பூசிய பகுதியில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மீதியை நெகட்டிவ் இல்லாமல் முழுக் கருமை வரும்வரை ஒளியில் வையுங்கள். பிறகு டெவலப்பர், கிளியரிங் (மிச்ச இரும்பை வெளியேற்றும் குளியல்), கழுவல் எல்லாம் வழக்கம்போல.

காய்ந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள். பூச்சு படாத ஓரத்திலேயே நிறம் ஏறியிருந்தால் டெவலப்பரிலோ கழுவிய தண்ணீரிலோ அழுக்கு. பூச்சு பட்டு ஒளி படாத இடம் மஞ்சளாக நின்றால் அது இரும்பு, அதாவது கறை. அதே இடம் சாம்பலாக இருந்தால் அது உலோகம், அதாவது மூட்டம். ஒளி பட்ட இடம் வெளிறினால் சைசிங்கையோ ஈரத்தையோ சந்தேகிக்கலாம். நல்ல காகிதப் பட்டையிலும் அதே கோளாறு தெரிந்தால் காகிதத்தை விட்டுவிட்டு ரசாயனப் பக்கம் போங்கள்.

வெளிர் பகுதியில் போகாத மஞ்சள்

கேள்விப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை இதில்தான் வந்து நிற்கின்றன. காரணம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது முதலில் சொன்ன சுண்ணாம்பு. இன்றைய கலைக் காகிதங்களில் பலவற்றில், காலப்போக்கில் காற்றிலிருந்து வரும் அமிலத்தைத் தாங்கட்டும் என்று ஆலையிலேயே இதைக் கலக்கிறார்கள். மற்ற வேலைகளுக்கு அது நல்லது. ஃபெரிக் ஆக்சலேட்டோ அமிலத் தன்மையில் மட்டுமே கரைந்து நிற்கும். கார்பனேட் அந்த அமிலத்தைத் தின்றதும் இரும்பு, ஹைட்ராக்சைடாக மாறி நாருக்குள் படிந்துவிடும். அப்படிப் படிந்ததை எந்தக் கிளியரிங் குளியலும் முழுதாக எடுக்காது. வில்லியம் வில்லிஸ் 1873ல் இந்த முறைக்குக் காப்புரிமை எடுத்த காலத்தில் காகிதத்தில் கார்பனேட் கலப்பது இன்றைப்போல் பொது வழக்கமாக இருக்கவில்லை. அதனால் பழைய சூத்திரத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றினாலும் இன்றைய தாளில் கறை வரலாம். காகித உறையில் ‘அமிலமற்றது’ என்று பெரிய எழுத்தில் இருந்தால் நமக்கு அது எச்சரிக்கைதான்.

சோதிப்பது எளிது. தாளின் ஒரு மூலையைக் கிழித்து, கிழிந்த உள்நாரின் மேல் 10% சல்ஃபாமிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, பூதக்கண்ணாடியால் சாய்வொளியில் பாருங்கள். நுண்குமிழ் எழும்பினால் கார்பனேட் இருக்கிறது. மேற்பரப்பில் மட்டும் சொட்டு விட்டால் சைசிங் மறைத்து ஏமாற்றும். பிஎச் பேனாவிலும் இதே குறைதான், அது மேல்தோலை மட்டுமே படிக்கும். இன்னொரு வழி, ஃபெரிக் ஆக்சலேட்டை உலோகம் சேர்க்காமல் தனியாகப் பூசிப் பார்ப்பது. நல்ல தாளில் மஞ்சளாகவே காயும். கார்பனேட் தாளில் பழுப்பு ஏறும்.

கார்பனேட் இருப்பது உறுதியானால் இரண்டு வழி. ஒன்று, இந்த வேலைக்கென்றே கார்பனேட் இல்லாமல் செய்த காகிதம். ஆர்ஷ் பிளாட்டின் (310 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 310 கிராம்), பெர்ஜர் காட் 320, ஹானமூலே பிளாட்டினம் ராக் (300 ஜிஎஸ்எம்), ரெவேர் பிளாட்டினம் ஆகியவை எல்லாம் முழுப் பருத்தி. புதிதாகத் தொடங்குபவர் இவற்றில் ஒன்றை எடுத்து, ஒரு கட்டு தீரும்வரை வேறு காகிதத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. மலிவான காகிதத்தில் மிச்சமாகும் தொகை, கறைபட்ட பிரிண்டில் போகும் பல்லேடியத்துக்கு ஈடாகாது.

இரண்டாவது வழி அமிலக் குளியல். ஸ்டோன்ஹெஞ்ச், ரைவ்ஸ் பிஎஃப்கே, ஃபேப்ரியானோ ஆர்ட்டிஸ்டிகோ போன்றவற்றின் பரப்பு பிடித்துப்போனவர்களுக்கு இது. 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சல்ஃபாமிக் அமிலம் கரையுங்கள். தாளின் முகப்புப் பக்கத்தில் பென்சிலால் சின்னக் குறி போட்டு உள்ளே இறக்குங்கள். உடனே குமிழ் எழும். தாளைப் புரட்டுங்கள், பரப்பில் ஒட்டிய குமிழைக் கையால் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் அமிலம் சேராமல் பிறகு வட்டப் புள்ளியாகத் தெரியும். 15 முதல் 30 நிமிடத்தில் குமிழ் நிற்கும். அதன்பின் மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் அலசித் தொங்கவிடுங்கள். காய்ந்த தாளைத் திரும்பக் கிழித்துச் சொட்டு வைத்துப் பார்க்காமல் பூச்சுக்குப் போக வேண்டாம். ஓரத்தில் அடங்கியிருந்தாலும் நடுவில் குமிழ் மிச்சமிருக்கலாம்.

குளியல் எத்தனை தாளுக்குத் தாங்கும்? 56×76 செ.மீ. அளவில் 300 ஜிஎஸ்எம் தாள் ஒன்று சுமார் 128 கிராம். அதில் 2% கார்பனேட் என்று வைத்துக்கொண்டால் 2.6 கிராம். அதை முறிக்க ஏறத்தாழ 5 கிராம் சல்ஃபாமிக் அமிலம் வேண்டும். கணக்குப்படி ஒரு லிட்டர் 20 தாளுக்கு வரும். ஆனால் அமிலம் நீர்க்க நீர்க்க வேகம் குறைவதால் பத்தோடு நிறுத்திப் புதிதாகக் கலப்பது நல்லது.

பலரும் பழக்கத்தில் ஆக்சாலிக் அமிலத்தை எடுக்கிறார்கள், ஏனென்றால் அது ஏற்கனவே அலமாரியில் இருக்கும். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அதில் உருவாகும் கால்சியம் ஆக்சலேட் தண்ணீரில் கரையாது. நுண்தூளாக நாரிலேயே தங்கி, சில தாள்களில் இடைநிலைச் சாயல்களைச் சொரசொரப்பாக்கும். சல்ஃபாமிக்கில் உருவாகும் கால்சியம் உப்பு கரைந்து வெளியேறிவிடும். எந்த அமிலமானாலும் இரவு முழுக்க ஊறவிட வேண்டாம், செல்லுலோஸ் நைந்துபோகும்.

கார்பனேட் தாள் செய்யும் இன்னொரு வேலையையும் கவனிக்க வேண்டும். அது டெவலப்பரையும் கெடுக்கும். ஒவ்வொரு தாளும் கொஞ்சம் காரத்தை அதில் கரைத்துவிட்டுப் போகும். கால்சியம் ஆக்சலேட் வெள்ளைப் படிவாக அடியில் சேரும். மறுநாள் அதே டெவலப்பரில் நல்ல தாளைப் போட்டால் அதிலும் மஞ்சள் வரும், பழி நல்ல தாளுக்குப் போகும். பொட்டாசியம் ஆக்சலேட் டெவலப்பரின் பிஎச் 5.5 முதல் 6.5க்குள் இருக்கட்டும். ஏறியிருந்தால் ஆக்சாலிக் அமிலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கலக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து இறக்குங்கள். படிவை வடிகட்டுங்கள்.

குமிழே இல்லை, ஆனாலும் மஞ்சள்

இப்போது கிளியரிங் வரிசையைப் பாருங்கள். இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெட்ராசோடியம் ஈடிடிஏ (EDTA) கரைசல் நல்ல காரம். டெவலப்பரிலிருந்து பிரிண்ட்டை நேரே அதில் போட்டால், வெளியேற வேண்டிய இரும்பு அங்கேயே ஹைட்ராக்சைடாகிவிடும். காகிதம் சுத்தம், குளியல்தான் கறையை உண்டாக்குகிறது. முதல் குளியல் அமிலமாக இருக்க வேண்டும். 2% சிட்ரிக் அமிலத்தில் 5 நிமிடம், அல்லது டைசோடியம் ஈடிடிஏ. அதன்பின் லிட்டருக்கு 30 கிராம் டெட்ராசோடியம் ஈடிடிஏவும் 25 கிராம் சோடியம் சல்ஃபைட்டும் கரைத்த குளியல் இரண்டு, ஒவ்வொன்றிலும் 5 முதல் 10 நிமிடம். கடைசியில் அரை மணி நேரம் ஓடும் நீர். 300 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட கனத்த தாளுக்கு மேல் எல்லையையே பிடியுங்கள். மெல்லிய தாளுக்குச் சரியாக இருந்த நேரம் அதற்குப் போதாது.

இரும்பு உண்மையிலேயே போய்விட்டதா என்பதைக் கண்ணால் முடிவுகட்ட வேண்டாம். 1% பொட்டாசியம் ஃபெரோசயனைடு கரைசலில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்து, ஈரமான சோதனைப் பட்டையின் ஒளிபடாத பகுதியில் ஒரு சொட்டு வையுங்கள். நீலம் தோன்றினால் இரும்பு பாக்கி. சொட்டு விழுந்த இடம் கறைபடும் என்பதால் பட்டையில் மட்டும் செய்யுங்கள். வலுவான அமிலத்தை ஃபெரோசயனைடுடன் கலக்கவே கூடாது.

மஞ்சளாக இல்லை, சாம்பலாக இருக்கிறது

மூட்டத்துக்குக் காகிதம் காரணமாவது அபூர்வம். ஃபெரிக் ஆக்சலேட் பழசாகி ஃபெரஸ் ஆகியிருக்கலாம். 10 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு ஃபெரிக் ஆக்சலேட் விட்டு, அதில் ஒரு சொட்டு 1% பொட்டாசியம் ஃபெரிசயனைடு விடுங்கள். அடர்நீலம் திரண்டால் அந்தப் புட்டியை ஒதுக்கிவிடுங்கள். பூச்சைச் சூடான காற்றில் காய்ச்சியது, ட்யூப்லைட் வெளிச்சத்தில் பூசியது, பூசிய தாளை இரவு முழுக்க வைத்திருந்தது ஆகியவையும் இதே சாம்பலைத் தரும். காற்று 40 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். நல்ல தாள் வெளுத்து நிற்க, ஒரே ஒரு தாள் மட்டும் மூட்டம் போட்டால் அதில் மரக்கூழ் கலந்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கருமை ஏறவில்லை

இரண்டு நேரெதிர்க் காரணங்கள் ஒரே மாதிரி முகம் காட்டும் இடம் இது. தவறான பக்கம் மருந்து கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பூசிய ஐந்தாவது நிமிடத்தில் தாளைத் திருப்பி முதுகைப் பாருங்கள். மஞ்சள் பின்பக்கம்வரை ஊறியிருந்தால் சைசிங் போதவில்லை. உலோகம் ஆழத்தில் கிடக்கிறது, மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குச் சாம்பல்தான் தெரியும். முதுகு வெள்ளையாக இருந்து, டெவலப்பரை ஊற்றியதும் படத்திலிருந்து கறுப்புப் புகை கிளம்பி ஓடினால், தாள் கரைசலை உள்ளே விடவே இல்லை. பூச்சு தாமரை இலைத் தண்ணீராக மேலேயே நின்று, டெவலப்பரில் கழன்று போகிறது.

ஆழமாக ஊறும் தாளுக்கு இரண்டாம் பூச்சு நல்ல மருந்து. முதல் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகு, முக்கால் பங்கு அளவில் இன்னொரு முறை. செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பதால், தொடர்ந்து பயன்படுத்தப்போகிற காகிதமானால் ஜெலட்டினோ கூவைக்கிழங்கு மாவோ மெல்லிதாக ஏற்றிக்கொள்வது மேல். 1% ஜெலட்டினில் தொடங்குங்கள். அமிலக் குளியலில் போட்டெடுத்த தாள்களில் மேற்பரப்புச் சைசிங் கொஞ்சம் கரைந்திருக்கும் என்பதால், இந்தக் கோளாறு அவற்றில்தான் அதிகம். மஞ்சள் கறையைத் தீர்த்த கையோடு கருமை குறைந்தது என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

உள்ளே விடாத தாளுக்கு முதல் மருந்து ஈரம். பூசும் முன் தாளை 50 முதல் 60% ஈரப்பதமுள்ள காற்றில் அரை மணியாவது வைத்திருங்கள். காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்று மேசையில் இருக்கட்டும், தோலால் உணர்ந்து சொல்லும் ஈரம் நம்பத்தக்கதில்லை. பூசிய பின் 3 முதல் 5 நிமிடம் அசையாமல் விட்டு, பளபளப்பு மங்கிய பிறகே காற்றைத் திருப்புங்கள். இதற்கும் மசியவில்லை என்றால்தான் ட்வீன் 20, கரைசல் தாளுக்குள் இறங்க உதவும் நனைப்புப் பொருள். 10% கரைசலில் ஒரே ஒரு சொட்டு, 2 மி.லி. கலவைக்கு. எல்லாத் தாளுக்கும் பழக்கமாக ட்வீன் விடுவது தப்பு. சைசிங் குறைந்த தாளில் அது பூச்சை முதுகுவரை இழுத்துக்கொண்டு போய்விடும்.

தாள் எந்த ரகம் என்று முன்கூட்டியே அறிய, நல்ல தாளிலும் புதுத் தாளிலும் ஒரே சொட்டுக் குழாயால் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் வைத்து, பளபளப்பு மறையும் நேரத்தைக் குறியுங்கள். தனியாக அந்த நேரத்துக்கு அர்த்தமில்லை. இரண்டுக்குமான வித்தியாசம்தான் சேதி.

மொறுமொறுவென்று காய்ந்த தாளை ஒளியில் வைத்தாலும் கருமை குறையும். சைசிங் கோளாறு என்று முடிவுகட்டும் முன், பூசிக் காய்ந்த தாளைச் சில நிமிடம் ஈரக் காற்றில் வைத்து இன்னொரு பட்டை எடுத்துப் பாருங்கள்.

திட்டுத் திட்டாக, வரிவரியாக

வரிகள் தூரிகை போன திசையிலேயே இருந்தால் அது கைவேலை. ஹாக்கே தூரிகையை (மென்மயிர் கொண்ட தட்டையான ஜப்பானியத் தூரிகை) காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்துவிட்டுத் தொடங்குங்கள், உலர்ந்த தூரிகை கரைசலைத் தானே குடித்துவிடும். வழுவழுப்பான, சைசிங் கெட்டியான தாளுக்குக் கண்ணாடிக் கம்பி ஒத்துவரும். சொரசொரத் தாளில் கம்பி பள்ளங்களைத் தாண்டிப் போய்விடும், அங்கே தூரிகைதான்.

திசைக்குச் சம்பந்தமில்லாமல் மேகம் மேகமாகத் திட்டு விழுந்தால் சைசிங் ஒரு சீராக இல்லை. பூசாத தாள் ஒன்றைத் தண்ணீரில் ஒரு முறை முக்கியெடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சில இடம் உடனே கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து, சில இடம் பின்தங்கினால் அதே வரைபடம்தான் பிரிண்டிலும் வந்திருக்கும். ஈரமான இடத்தில் பல வருடம் கிடந்த காகிதத்தில் இது சகஜம். அந்தத் தாளை மறுபடி சைஸ் செய்யலாம், அல்லது ஓவியத்துக்கு விட்டுவிடலாம்.

கறுப்புப் புள்ளிகள்

கூர்மையான சின்னக் கறுப்புப் புள்ளி, அதிலிருந்து சில சமயம் ஒரு வால். நாருக்குள் மாட்டிய இரும்புத் துகள் பிளாட்டினத்தையும் பல்லேடியத்தையும் ஒளி இல்லாமலே உலோகமாக்கிவிடும். துகள் ஆலையிலிருந்து வந்திருக்கலாம், தாள் வெட்டும் கத்தியிலிருந்தும் வரலாம். உலோகப் பட்டை போட்ட தூரிகை, துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் இரண்டையும் சேர்த்துச் சந்தேகியுங்கள். புள்ளிகள் வெட்டிய ஓரத்தை ஒட்டியே இருந்தால் கத்திதான். தாளைக் கிழித்து எடுத்துச் சோதியுங்கள். தாள் முழுக்கச் சிதறியிருந்தால், பூசாத தாளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழுப்பு அல்லது கறுப்புத் துகள் கண்ணில் பட்டால் அந்தக் கட்டு முழுவதுமே அப்படித்தான் இருக்கும்.

புள்ளியோடு தூரிகைத் திசையில் கீறலும் இருந்தால் காகிதத்தைக் குறை சொல்ல வேண்டாம். 20% குளோரோபிளாட்டினைட் கிட்டத்தட்ட பூரிதக் கரைசல். அறை குளிர்ந்தாலே அடியில் படிகம் விழும். புட்டியை வெந்நீரில் நிற்கவைத்து, எல்லாம் கரைந்த பிறகே சொட்டெடுங்கள்.

இடைநிலைச் சாயலில் மணல்

அதே தாளில் பல்லேடியம் மட்டும் போட்டு ஒரு பட்டை எடுங்கள். மணல் மறைந்தால் தாள் குற்றவாளி இல்லை. தனிப் பிளாட்டினம் பல தாள்களில் மணலாகத்தான் வரும். கொஞ்சம் பல்லேடியம் கலந்தாலே அடங்கும். மாறுபாட்டைக் (கான்ட்ராஸ்ட்) கூட்டச் சேர்க்கும் பொட்டாசியம் குளோரேட்டும் இதே வேலையைச் செய்யும். குளோரேட்டை விட்டுவிட்டு நெகட்டிவ்வில் மாறுபாட்டைக் கூட்டுவது நல்ல வழி. பல்லேடியத்திலும் மணல் நின்றால் வறண்ட தாள், ஆக்சாலிக் குளியல் விட்டுப்போன தூள், சைசிங் குறை என்ற வரிசையில் தேடுங்கள்.

பரப்பு உரிகிறது, தாள் கிழிகிறது

ஒரே இடத்தில் தூரிகை நாலைந்து தடவைக்கு மேல் போனால் மென்மையான பருத்தித் தாளில் நார் எழும்பிச் சின்னச் சின்ன உருண்டையாகத் திரளும். கரைசலைக் குறைப்பது இதற்குத் தீர்வாகாது. மாறாகக் கொஞ்சம் கூட்டி, நெடுக்கு ஒன்று, குறுக்கு ஒன்று என்று சட்டென முடியுங்கள். முகப்பு, முதுகு இரண்டையும் சாய்வொளியில் பார்த்து, கம்பிவலைத் தடம் ஒழுங்காகத் தெரியும் பக்கத்தைத் தவிருங்கள்.

கம்பி (gampi), கோசோ (kozo) போன்ற செடிநாரில் செய்த ஜப்பானியத் தாள்களில் நிலைமை வேறு. நார் நீளமானது, ஆகவே மெல்லியதாக இருந்தாலும் ஈரத்தில் தாங்கும். கிழிவது பெரும்பாலும் தட்டிலிருந்து தூக்கும்போதுதான். டெவலப்பரில் போடும்போதே அடியில் ஒரு பாலியெஸ்டர் தாளை வைத்து, ஒவ்வொரு குளியலுக்கும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மெல்லிய தாளில் இரும்பு சீக்கிரம் வெளியேறும் என்பதால் கிளியரிங்கும் சுருங்கும்.

தாள் நனைந்து காய்ந்ததும் சுருங்குவதால், ஒரே படத்தின் மேல் இரண்டாம் பூச்சு போட்டு மறுபடி ஒளியில் வைப்பவர்களுக்கு நெகட்டிவ் பொருந்தாமல் போகும். முதல் பூச்சுக்கு முன்பே தாளை வெந்நீரில் ஊறவைத்துக் காயவைத்துக்கொண்டால் போதும்.

நேற்றுவரை நன்றாக இருந்த காகிதம்

கலவை மாறவில்லை, ஒளி மாறவில்லை, காகிதத்தின் பெயரும் அதேதான். ஆனால் புதுக் கட்டைப் பிரித்ததிலிருந்து படம் வேறுமாதிரி வருகிறது. ஆலைகள் சைசிங்கைச் சொல்லாமல் மாற்றுவதுண்டு. பெயரும் எடையும் அப்படியே இருக்கும். புதுக் கட்டு வந்ததும் கிழித்துப் பார்க்கும் அமிலச் சொட்டு, தண்ணீர்ச் சொட்டு நேரம், மேலே சொன்ன பட்டை ஆகிய மூன்றையும் செய்து, முடிவைக் கட்டின் மேலேயே தேதியோடு எழுதிவிடுங்கள். புற ஊதா விளக்கில் தாள் நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் பூச்சு கெடாது, ஆனால் அந்த வெண்மை வருடங்களில் மங்கும். ஒப்பிட ஏதாவது வேண்டும் அல்லவா, அதனால் பழைய கட்டின் கடைசித் தாளை மட்டும் பிரிண்ட் போட்டுத் தீர்க்காமல், பட்டைகளாக வெட்டிச் சீல் வைத்த பாலியெஸ்டர் உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.